பழுது கேட்க வந்தவர்

"நல்லாயிருக்கு" என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் கறுத்துவிடும். பேனையை மூடிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, "நல்லம் எண்டா எந்த இடத்தில நல்லம்?" என்று கேட்பார். சொன்னவர் தலையைச் சொறிவார். "நல்லத நான் பார்த்துக்கொள்ளுவன். பழுது என்ன எண்டு சொல்லுங்க" என்பார். பழுது ஒன்று கிடைத்தால் பேனை திரும்பத் திறக்கும்.

கம்பஸில் உயிரினங்களைப் பற்றிப் படிப்பித்தவர். வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து பாலத்தை நடந்தே கடந்து கல்லடிக்கு வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு துணிப் பை, காலில் றப்பர் செருப்பு. நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காமல் போகுமோ என்று ஒரு பயம் இருக்கிறது, ஆகவே எழுதவில்லை.

பிறருக்கும் அவர் அதே நியாயத்தைத்தான் வைத்திருந்தார். முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது என் மனைவி பத்மா நண்டுக் கறி வைத்திருந்தாள். பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்று, "கறி எப்பிடி மிஸ்?" என்று கேட்டாள். கேட்டவள் எதிர்பார்த்தது ஒரு சொல்.

"நண்டு நல்ல நண்டு. உப்புக் கூட. புளி காணாது" என்றார் மிஸ்.

அவர் போன பிறகு பத்மா சட்டியைக் கழுவின சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒரு சொல்லு நல்லாச் சொன்னா மனிசிட வாய் தேஞ்சிருமா?" என்றாள். ஆனால் அடுத்த முறை உப்பை அளந்து போட்டாள். அதற்கடுத்த முறை மிஸ் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை நீட்டி இரண்டாந்தரம் சோறு கேட்டார். அன்றைக்குப் பத்மா மூன்று வீட்டுக்குப் போய், "ரெண்டாந்தரம் கேட்டவகா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி. அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் கால் கிடைத்தது. சுனாமி அலை வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது கதவோரம் சாத்தியிருந்தது, நான் கட்டிலில் இருந்தேன். பத்மா என்னை இழுத்துக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஏறினாள். நான் தப்பினேன். கால் போய்விட்டது, வீடும் போய்விட்டது. எங்கள் தோணி இரண்டு துண்டாகப் பாலத்துக்கு அங்கால் கிடந்தது.

பள்ளிக்கூடத்து முகாமில் அந்த வருசம் எங்களிடம் கேட்காத கேள்வி இல்லை. எத்தனை பானை போனது, எத்தனை பாய் போனது, இரவில் தூக்கம் வருகிறதா, கொடுத்த சாமான் திருப்திதானா. உதவி கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு போர்மோடு வந்தார்கள். ஓம் என்று சொன்னால் அடுத்த தடவையும் வருவார்கள். குறை சொன்னால் போர்மை மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தப் படிப்பு மட்டும் நன்றாக ஏறியது. எங்களோடு இருந்த ஒருவர், தனக்குக் கிடைத்த புதுக் கால் கடிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். திருத்தித் தருகிறோம் என்று கழற்றி வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்த பிறகு முகாமில் யாருக்கும் எதுவும் கடிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மிஸ் வந்தார். கையில் பால்மா இல்லை, தறப்பாள் இல்லை. சீனித்தம்பி அண்ணன் என் காதுக்குள், "வெறுங்கையோட வந்திரிக்கா. கேக்கத்தான் வந்தவ போல" என்றார். சீனித்தம்பி அண்ணனுக்கும் ஒரு கால்தான், ஷெல் விழுந்து போனது. நாக்கு மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும்.

"உங்கட தொழில் என்ன?" என்று மிஸ் என்னிடம் கேட்டார்.

"ஆத்தில வலை எறியிற மிஸ்." எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம்.

"இப்ப எறியிறீங்களா?"

"இல்ல."

"புதுக் கால் தந்திரிக்காங்களே. ஏன் எறியல்ல?"

"சுரிக்க இறங்கினா வராது."

"வராது எண்டா?"

"கால் அங்க நிக்கும். நான் இஞ்சால விழுவன்."

"மூணுதரம் ஆத்துக்குக் கால் குடுத்தவன் மிஸ். நாங்க போய்க் கிண்டி எடுத்துவந்த" என்றார் சீனித்தம்பி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "நாளைக்கு எனக்கு ஒருக்கா விழுந்து காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் விழுந்து காட்டினேன். அவர் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தானும் இறங்கினார். சுரி என்பது எங்கள் ஆற்றின் அடிச்சேறு. கறுப்பாக, களி போல இருக்கும், முழங்கால் வரை விழுங்கும். உயிருள்ள பாதம் விரலை மடக்கி, குதியைத் திருப்பி வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் பாதம் அப்படியே முளை அடித்தது போல் நிற்கும். மிஸ் ஒரு தடியில் கோடு கீறி வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று இருபது இடத்தில் அளந்தார். கரைக்கு வந்தபோது அவருடைய ஒரு செருப்பு ஆற்றில் நின்றுவிட்டது. அதையும் கொப்பியில் எழுதினார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இடுப்பளவுத் தண்ணீரில் என் இரண்டு காலிலும் நின்று வலை எறிய வேண்டும். தோணி இல்லாதவனுக்கு அதுதான் தொழில். தோணி இருந்தாலும் இறால் நிற்கிற, தண்ணீருக்குள் வேர்விட்ட கண்ணாமரக் காட்டோரத்துச் சுரிக்குள் தோணி போகாது, மனிதன்தான் போக வேண்டும். அதில்லாமல் நான் பத்மாவின் அண்ணனான மச்சானின் வலையில் சிக்கின மீனைக் கரையிலிருந்து கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்மா ஊரார் வீட்டு இறாலுக்குத் தலை கிள்ளப் போனாள். மச்சான் நல்லவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எப்போது சுளிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

முகாமை விட்டு நாங்கள் புது வீடுகளுக்கு வந்த பிறகு, ஒருநாள் மிஸ் சீனித்தம்பி அண்ணன் வீட்டில் வளர்த்த தாரா வாத்தை விலைக்குக் கேட்டார்.

"கறிக்கா மிஸ்?"

"இல்ல. நடக்கிறதுக்கு."

கண்ணாடி மீன்தொட்டி ஒன்றில் ஆற்றுச் சுரியை நிரப்பித் தாராவை உள்ளே விட்டார். தாரா நடக்கவில்லை. குந்தியிருந்து புழு தின்றது. மிஸ் ஒரு பின்னேரம் முழுக்க அதன் எதிரே சப்பாணி கொட்டி இருந்தார். வழியால் போனவர்கள், "கம்பஸ்ல இப்ப தாராவுக்குப் படிப்பாம்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் தாரா எழுந்து நாலு அடி வைத்தது. மிஸ் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைக்கச் சொன்னார். காலை ஊன்றும்போது விரல்கள் விரிந்து, நடுவில் உள்ள தோல் இழுபட்டு, வெற்றிலை போல அகலமாகிறது. தூக்கும்போது அத்தனையும் சுருங்கிக் குச்சி போல வெளியே வருகிறது. சுரிக்குப் பிடிக்க இடமே இல்லை.

"நாப்பது வருசமாத் தாரா வளக்கிறம்" என்றார் சீனித்தம்பி அண்ணன். "முட்டையத்தான் பார்த்திரிக்கம்."

அந்தத் தாராவின் காலைத்தான் எங்களுக்குச் செய்ய வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். செய்தவர் காத்தான்குடிக்காரர் ஒருவர், பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி நாங்கள் அவரை நானா என்போம். முதல் பாதம் குடைக்கம்பியும் லொறி டியூபும். நான் கட்டிக்கொண்டு இறங்கினேன், படார் என்றது.

"எத்தனையாவது அடியில?" என்று கரையிலிருந்து மிஸ் கேட்டார்.

"முதலாவதுதான் மிஸ்."

"நேரம் மிச்சம்" என்றார் மிஸ், முகம் மலர்ந்து.

நானா என்னைப் பார்த்து, "மிஸ்ஸுக்கு உடைஞ்சாத்தான் சந்தோசம் தம்பி. நான் உடையிறத்துக்கெண்டே செய்யிறன்" என்றார். கேலியாகச் சொன்னாலும் அவர் அடுத்ததை ஒரு கிழமைக்குள் செய்துவிட்டார். மிஸ் எங்களுக்குச் சொல்வார்: "இது மூண்டு படிப்பு. தாராட கால் ஒண்டு, உங்கட தோல் ஒண்டு, நானாட கை ஒண்டு. ஒண்டு பிழைச்சா மூண்டும் பிழை." தோலைப் பார்ப்பதற்கு ஒரு டொக்டரைக் கூட்டி வந்தார். ஆனால் அது சண்டைக் காலம், ஆஸ்பத்திரியில் டொக்டருக்கு மூச்சுவிட நேரமில்லை. தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். நடுவில் எங்கள் வாயைத்தான் மிஸ் நம்ப வேண்டியிருந்தது.

பழுதைத் தேடுவதில் அவருக்கு ஆள் வித்தியாசம் இல்லை. ஒருமுறை பாலத்துச் சோதனைச் சாவடியில் அவருடைய பையைத் திறந்த ஆமிக்காரப் பொடியன் மூன்று றப்பர் பாதங்களைக் கண்டு பின்னுக்குப் பாய்ந்துவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். மிஸ் நிதானமாகச் சிங்களத்தில் விளக்கினார். ஒரு பாதத்தை அவன் கையிலேயே கொடுத்து மணல் மூட்டையில் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினான், விரிந்தது. எடுத்தான், சுருங்கியது. மறுபடியும் செய்தான், அவனுக்குப் பிடித்துவிட்டது. போகலாம் என்று கையைக் காட்டினான். நான் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். மிஸ் அசையவில்லை, அவனிடம் ஏதோ கேட்டார். அவன் யோசித்து ஏதோ சொன்னான். மிஸ் அந்த இடத்திலேயே கொப்பியைத் திறந்தார்.

"என்ன மிஸ் கேட்டீங்க?" என்றேன், பாலத்தில் நடக்கும்போது.

"என்ன பழுது எண்டு கேட்டன். கிறீச்செண்டு சத்தம் வருதாம். மணல் உள்ளுக்குப் போகுது. நீங்க அஞ்சு பேரும் ஒரு மாசமா இதச் சொல்லல்லயே?"

உண்மைதான். சத்தம் எங்கள் ஐந்து பேருக்கும் கேட்டது. சொல்லவில்லை.

ஐந்து பேர் என்றது நான், சீனித்தம்பி அண்ணன், பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் மூன்று பேர். எல்லாரும் ஆற்றுத் தொழில்காரர், எல்லாருக்கும் ஒரு கால். டயர் றப்பரில் செய்த நல்ல பாதம் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் பாவித்துப் பார்க்கச் சொன்னார். மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவார். "நடக்க ஏலுமா?" "ஏலும் மிஸ்." "நோகுதா?" "நோகல்ல மிஸ்." எழுதுவார். முகம் கறுப்பார். "ஒரு பழுதும் இல்லயா?" "ஒண்டுமில்ல மிஸ்."

நொந்தது. பாதம் சுரியை விட்டு வந்தது, ஆனால் வரும்போது மேலே கால் நுழைகிற கிண்ணத்தையும் கீழே இழுத்தது. கிண்ணத்தின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே உரசி உரசித் தோலை உரித்தது. நான் காலுறையாக இரண்டு மேசு போட்டுப் பார்த்தேன், மூன்று போட்டுப் பார்த்தேன். மிஸ் வருகிற சனிக்கு முந்தின புதன்கிழமையே காலைக் கழற்றி வைத்துப் புண்ணைக் காயவிடுவேன். சொன்னால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு, வெயிலில் பாலம் நடந்து வருகிற மனிசிக்கு, எங்கள் வீட்டில் சாப்பிடுகிற மனிசிக்கு, நீ செய்தது கடிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஏழாவது மாதம் சனிக்கிழமை கடையடைப்பு என்று கதை வந்தது. மிஸ் சொல்லாமல் புதன்கிழமையே வந்துவிட்டார். நான் வீட்டுக்குப் பின்னால் வாளியில் காலை வைத்து உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன். மறைக்க நேரமில்லை.

மிஸ் முழந்தாளிட்டுப் பார்த்தார். "இது எப்ப?"

"நேத்து மிஸ். சின்ன உரசல்."

"நேத்துப் புண் இப்பிடிக் கறுக்காது."

பத்மா பின்னால் நின்று, "ஆறு மாசமாகா" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

அன்றைக்கே மிஸ் மற்ற நாலு வீட்டுக்கும் போனார். மூன்று வீட்டில் இதே புண். நாலாவது ஆள் பாதத்தைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குமேல் வைத்திருந்தார். பழுதாகிவிடும் என்று பயந்து, மிஸ் வருகிற நாளில் மட்டும் எடுத்துக் கட்டியிருக்கிறார். பின்னேரம் மிஸ் திரும்பி வந்து எங்கள் வாசல் மணலில் உட்கார்ந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"பிழை உங்கட இல்ல. நான் கேட்ட விதம் பிழை" என்றார். "ஏழு மாசத்தில நான் எழுதினது முழுக்கப் பொய்."

பிறகு பாதங்களைத் தரச் சொன்னார். ஐந்தும் ஒரு சாக்குக்குள் போயின. நான் மன்றாடினேன். "மிஸ், நல்லா நடந்திச்சு எண்டே எழுதுங்க. புண் எனக்குத்தானே. நான் பொறுப்பன். கால எடுக்காதீங்க."

"நல்லாயிரிக்கு எண்டு எழுதினா இத நூறு பேருக்குச் செய்வாங்க. நூறு பேருக்கும் இதே புண் வரும். அவங்களும் உங்களப் போல நோகல்ல எண்டுதான் சொல்லுவாங்க. சீழ் பிடிச்சா முழங்காலும் போகும். அத ஆர் எழுதுற?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். பத்மா அன்றைக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

இந்தப் பாதத்தைப் பற்றி அவர் எழுதின கட்டுரை அச்சுக்குப் போக இருந்ததாம். தானே எழுதி அதைத் திருப்பி எடுத்துவிட்டார் என்று பிறகு நானா சொன்னார். "பெரிய பதவி கிடைக்க இரிந்த தம்பி. கேட்டா, பிழை வெள்ளனத் தெரிஞ்ச நல்லதாம்." நான் அப்போது அதைக் கேட்டு உருகவில்லை. பதவி போனாலும் அவருக்குச் சம்பளம் வரும், எனக்கு என்ன வரும் என்றுதான் நினைத்தேன். மறுபடி கரையில் உட்கார்ந்து மச்சானின் வலையில் மீன் கழற்றினேன். அந்த மாதங்களில் வாகரைப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி வந்து பள்ளிக்கூடங்கள் திரும்ப நிறைந்தன. திரும்பவும் போர்ம்கள் வந்தன. எங்கள் காலைப் பற்றி இனி யார் நினைப்பார்கள் என்று நான் முடித்துக்கொண்டேன்.

மிஸ் முடிக்கவில்லை. மழைக்காலம் கழிந்து ஒரு காலையில் அதே சாக்கோடு வந்தார். ஐந்து பேரையும் கரைக்கு வரச் சொன்னார். பாதம் அதேதான். கிண்ணத்தை மட்டும் தொடைவரை வார் போட்டு இறுக்கியிருந்தார் நானா.

"இண்டைக்கு உங்கட காலப் பத்தி நீங்க ஒருத்தரும் கதைக்கவேணாம்" என்றார். "மற்ற ஆள்ட கால ஏசுங்க."

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். எங்களுக்காகக் காத்திருந்த நாட்களில் கிழிந்த வலையைப் பொத்துகிற இடத்தில் அவர் இருந்து கேட்டிருக்கிறார். எங்கள் கரையில் யாரும் அடுத்தவன் வலையை நல்ல வலை என்று சொல்ல மாட்டோம். சொன்னால் நாவூறு பட்டு மீன் விழாது. அதனால் ஏசுவோம். இது வலையா கிழிஞ்ச சாரனா, இதுக்க மீன் வந்தாப் பகிடி பார்க்கத்தான் வரும், என்றெல்லாம். ஏசுவதுதான் அங்கே மரியாதை. புகழ்கிறவனை வேறு ஊரான் என்று பார்ப்போம். நாங்கள் அன்றாடம் செய்வதை அவர் சொல்லித்தான் நான் கவனித்தேன்.

ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு சுரிக்குள் இறங்கினோம், மற்றவர்கள் கரையில் இருந்தோம். முதலில் வெட்கமாக இருந்தது. நான் இறங்கி நாலு அடி வைத்ததும் சீனித்தம்பி அண்ணன் வாயைத் திறந்தார்.

"டேய் மச்சான், நடக்கிறயா, நாய் கரண்டுக் கம்பத்தக் கண்ட மாதிரிக் கால எடுக்கிறயா?"

"எந்தப் பக்கம் எடுக்கிறார்?" என்றார் மிஸ், பேனையோடு.

"வலப் பக்கத்தால மிஸ். இடுப்ப எறிஞ்சு எடுக்கிறான். முன்னால வரல்ல."

"அண்ணன் மட்டும் என்ன" என்றேன் நான், அவர் முறை வந்தபோது. "கிழட்டுக் கொக்கு கருவாடு திருடப் போற மாதிரி. ஊண்டினா உடம்பு முழுக்க இடப் பக்கம் சாயுது."

"உனக்குக் கண்ணும் போச்சா மனே? அது என்ட நட."

"பொய் மிஸ், முந்தி நேரா நடந்தவர்."

"வார் நீளம் கூட" என்று நானா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அலுமாரிக்குமேல் வைத்தவர் இறங்கினபோது கரை முழுக்கச் சிரிப்பு. "பொலித்தீன கழட்டின நீயா?" என்று நாலு பக்கத்தாலும் கேட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஏசத் தொடங்கிவிட்டார்கள். மிஸ்ஸின் கை நிற்கவில்லை. ஒரு காலையில் அவருக்கு இருபத்தேழு பழுது கிடைத்தது. ஏழு மாதம் "நோகல்ல" என்று எழுதினவர் அன்றைக்குக் கொப்பியின் அட்டையிலும் எழுதினார். போகும்போது, "இண்டைக்குத்தான் ஆராய்ச்சி தொடங்கிச்சு" என்றார். பத்மா தேத்தண்ணி கொடுத்தாள். சீனி கூட என்று மிஸ் சொன்னார்.

அதன் பிறகு அவர் எங்களை இரண்டு இரண்டு பேராக்கி, மிஞ்சின ஒருவரை நானாவிடம் ஒப்படைத்தார். என் கால் சீனித்தம்பி அண்ணன் பொறுப்பு, அவர் கால் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மேசுகளைக் கழற்றி ஒருவர் தோலை ஒருவர் பார்க்க வேண்டும். சீனித்தம்பி அண்ணன் என் புண்ணைப் பார்த்தால் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். மறைக்க வழியில்லை. ஏழு பாதம் மாறியது. வன்னியில் சண்டை முடிந்த வருசம் எட்டாவது பாதம் வந்தது. அப்போது ஆற்றில் இறங்க ஆமி வைத்திருந்த நேரக் கட்டுப்பாடும் தளர்ந்திருந்தது.

இந்த வேலைக்கு உதவி செய்கிற இடத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரர் பார்க்க வந்தார்கள், ஒரு மொழிபெயர்ப்பாளரோடு. பார்த்துவிட்டுத் தொடர்ந்து உதவுவதா விடுவதா என்று முடிவெடுப்பார்களாம். அவர்கள் வருவதற்கு முந்தின இரவு எனக்கு நித்திரை இல்லை. வாரை ஏழு தடவை பார்த்தேன். சீனித்தம்பி அண்ணன் ஒருநாளும் இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

"மச்சான், நாளைக்கு வாயக் காத்துக்கோ. எங்களுக்க ஏசுற வேற. வந்தவங்களுக்கு முன்னால பழுது சொன்னா இந்தக் காலும் சாக்குக்க போயிரும்."

"பழுது இரிக்கே அண்ணன்."

"இரிக்கட்டும். ஒரு நாளைக்கு இல்லாம இரிக்கட்டும்."

மிஸ் எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. இதைச் சொல்லுங்கள், அதைச் சொல்லாதீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

கண்ணாமரக் காட்டோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நான் வலையோடு இறங்கினேன். முப்பது அடி போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். பாதம் விரிந்தது, சுருங்கியது. அரை மணித்தியாலம் அப்படி நடந்தேன். வந்தவர்கள் கை தட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் கையை வாயில் குவித்து, "எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்" என்று கூப்பிட்டார்.

மிஸ் கரையில் கொப்பியை மூடி வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். சீனித்தம்பி அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"நல்லாயிரிக்கு" என்பது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் எல்லாருக்கும் சுகம். ஆனால் நடுவிரல் மடங்காமல் நின்றுவிட்டது எனக்குத் தெரியும். இதே பாதம் எங்கோ ஒரு கரையில், சீனித்தம்பி அண்ணன் பக்கத்தில் இல்லாத ஒருவனுக்குப் போகும் என்பதும் தெரியும்.

"நேரம் போனா நடுவிரல் மடங்காது" என்று சத்தமாகச் சொன்னேன். "மட்டி ஓடு மூட்டுக்க ஏறுது. மறுகா தூக்கக்குள்ள இழுக்குது. முழங்காலுக்குக் கீழ நோகுது."

மொழிபெயர்ப்பாளர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "இதை அப்படியே சொல்லவா?"

"ஒரு சொல் விடாமச் சொல்லுங்க" என்றார் மிஸ். கொப்பி திறந்துவிட்டது. ஒரு பாதம் உடைந்தால் வருகிற அந்த முகம் அவருக்கு வந்திருந்தது.

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். சிரிப்பு நின்றிருந்தது. ஒருவர் கையால் என் காலைக் காட்டி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் மறுபடி கூப்பிட்டார்: "பழுது என்றால் கழற்றித் தரட்டாம். கொண்டுபோய்த் திருத்துவார்களாம்."

என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே புதினமாக இருந்தது.

"கழட்ட மாட்டன். இது என்ட கால். திருத்துறதெண்டா இன்னொண்டு செய்யச் சொல்லுங்க. அதுக்கும் பழுது சொல்லுவன்."

மிஸ் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். காட்டோரத்தில் இறால் துள்ளுகிற சத்தம் கேட்டது. நான் காலைத் தண்ணீருக்குள் இரண்டு தரம் உதறினேன். ஓடு விழுந்து விரல் மடங்கியது. வலையின் ஒரு மடிப்பைத் தோளில் போட்டேன், ஓரத்தைப் பல்லில் கடித்தேன், சுரியில் இரண்டு காலையும் ஊன்றினேன்.

வலை வட்டமாக விரிந்து விழுந்தது. பின்னால் மொழிபெயர்ப்பாளர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.